பதினாலு சுற்று

பதினாலு சுற்றும் திறந்த பிறகு வால்வு சத்தம் போடக் கூடாது. மலர்விழிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மறுபடியும் குனிந்து, வால்வுக் குழிக்குள் இறக்கியிருந்த நீளச் சாவியின் குறுக்குப் பிடியை இரண்டு கையாலும் பற்றி இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. முழுதாகத் திறந்தாகிவிட்டது. அடியில் நாலு அங்குலக் குழாயில் தண்ணீருக்கு ஒரு தடையும் இல்லை, வழுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனாலும் குழிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நறநற. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் நின்றது. மறுபடி நறநற.

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் சாலையோரம் ஒரு கரட்டுக் குன்றின் சரிவை வெட்டி மனை போட்டு, வேம்படி நகர் என்று பலகை வைத்திருந்தார்கள். பெயருக்குக்கூட ஒரு வேப்பமரம் கிடையாது. சரிவில் ஒரே தெரு, மேலே நாலு வீடு, கீழே பதினொரு வீடு. கரட்டு உச்சியில் இருந்த தொட்டிக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை மேட்டூர்த் தண்ணீர் ஏறும். அன்றைக்குக் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தெருவுக்குத் திறந்துவிட வேண்டும். கீழ்வரிசைக்குப் போகிற வால்வு மலர்விழியின் வாசலுக்கு எதிரே, சிமெண்டு பலகை மூடிய குழிக்குள் இருந்தது. அவளுடைய இணைப்பு அந்த வால்வுக்கு மேலேயே பிரிந்துவிடும். கீழே வருகிறதோ இல்லையோ, அவளுக்கு வந்துவிடும்.

தண்ணீர் திறந்துவிடுகிற வேலை குமாரசாமியுடையது. அறுபதை நெருங்கிய மனிதர். முழங்கால் இரண்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சாவியை மலர்விழியிடமே கொடுத்துவிட்டார். வாசலில் இருக்கிற வால்வு, ஆறு மணிக்குத் திறந்து ஒன்பதுக்கு மூடினால் போதும் என்றார். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொன்னார்.

"அரைகுறையாத் தொறக்காதீங்க அம்மிணி. இடுக்குல பாயற தண்ணி சூடு இல்லாமயே கொதிக்குமுங்க. அந்தக் குமிழி உடையறப்ப உள்ளுக்குள்ள கல்லு உருள்றாப்பல சத்தம் வரும். உட்டா இரும்பையே தின்னுபோடும்."

அன்றிலிருந்து தெருவுக்கு அவள் தண்ணியக்கா ஆனாள். உண்மையைச் சொன்னால், அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. கணவன் ஜெயபிரகாஷ் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டியோடு வடக்கே போனால் திரும்ப ஐந்து மாதமாகும். மகன் குமரகுரு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போனில் பேசவிடுவார்கள். மூன்று அறை வீட்டில் அவளும் ஒரு மின்விசிறியும்தான். வாசலில் நின்றால் பதினாலு வீட்டுக்காரர்கள் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற சுகம் லேசில் விடக்கூடியதா?

இப்போது குழிக்குள் கேட்பது கல் உருளும் சத்தம் இல்லை. அதுதான் அவளைக் குழி ஓரத்திலேயே குந்த வைத்திருந்தது. வால்வு இடுக்கில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் அவளுக்குப் பழக்கம். நாலு மாதம் அதைக் கேட்டிருக்கிறாள். அது இடைவிடாமல், லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஓடும். இது நின்று நின்று வந்தது. ஈரமாக வந்தது. மேலும் கீழும் எதையோ அழுத்தி, பக்கவாட்டில் இழுத்து, விட்டு, மறுபடி அழுத்துகிற சத்தம். ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக் கழிவின் புளித்த வாடை காற்றில் வந்துகொண்டிருந்தது. காலை வெயில் முதுகில் விழுந்தது. ஒரு குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம் அது என்று அவள் மனசுக்குத் தெரிந்தபோது, கையிலிருந்த சாவி குழியின் விளிம்பில் இடித்து ஓசை எழுப்பியது.

அந்தக் குழந்தையின் பெயர் இலக்கியா. தெருவின் கடைசி வீட்டு ஜோதியின் மகள், நாலு வயது. ஜோதி சேகோ ஆலையில் கிழங்குமாவு காயவைக்கிற களத்துக்கு வேலைக்குப் போவாள். கணவன் சரவணமுத்து லாரியில் போய்விடுவான். மத்தியானம் பால்வாடியிலிருந்து குழந்தையை மலர்விழிதான் கூட்டிவருவாள். சோறு ஊட்டி, மகனுடைய கட்டிலில் படுக்க வைப்பாள். தூங்கி கால்மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும். அத்தனை சின்ன வாய்க்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் எப்படி வருகிறது என்று அவளுக்கு முதலில் பயமாகக்கூட இருந்தது. வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து கொடு என்று ஜோதியிடம் சொன்னாள். மாலையில் ஜோதி வந்து, உடம்பெல்லாம் மாவு வெளுத்திருக்க, கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் காதுக்குக் கீழே தாடை மடங்குகிற இடத்தில் கட்டை விரலால் மெல்லத் தேய்ப்பாள். "தொற சாமி, வாயத் தொற" என்பாள். சத்தம் நின்றுவிடும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவாள்.

அதெல்லாம் மோட்டார் விவகாரம் வரைக்கும்தான். மேல்வரிசையில் மற்றவர்களைப் போல மலர்விழியும் தெருக் குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அதிகாரிகள் வந்து, நேராக அவள் வீட்டுக்குள் நுழைந்து, கோணிப்பைக்கு அடியில் மறைத்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தூக்கிப் போனார்கள். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கோணிப்பைக்கு அடியில் இருப்பது வீட்டுக்குள் வந்துபோகிற ஒருத்திக்குத்தானே தெரியும்? அவமானத்தில் அன்றோடு ஜோதியிடம் பேசுவதையும் குழந்தையைக் கூட்டிவருவதையும் நிறுத்தினாள். அடுத்த தண்ணீர் நாளில் சாவியைப் போட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை நின்றுவிட்டது. கீழே ஜல்லி கொட்டுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்கக் கேட்க மனசுக்கு இதமாக இருந்தது.

நாலு மாதம் மூன்று சுற்றுதான். கேட்டவர்களுக்கு மேட்டூரிலேயே அழுத்தம் இல்லையாம் என்றாள். நம்பினார்கள். கீழ்வரிசையில் ஒவ்வொரு வீடாக மோட்டார் மாட்டினார்கள். கடைசி வீட்டில் ஜோதியும் மாட்டினாள். தண்ணீர் இல்லாத குழாயை மோட்டார் உறிஞ்சினால் கிடைப்பதை உறிஞ்சும். சாக்கடையைத் தாண்டுகிற இடத்தில் குழாயில் மயிரிழை அளவு ஒரு விரிசல் இருந்திருக்கிறது. இலக்கியாவுக்கு இரண்டு நாள் வாந்தியும் பேதியும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

விரிசலை அடைத்துவிட்டுப் போனார்கள். தெரு தன் தீர்ப்பைச் சொன்னது: மோட்டார் போட்டு உறிஞ்சினால் இப்படித்தான் ஆகும். துக்க வீட்டில் ஜோதி மலர்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய சண்டை எதையும் அவள் நினைவில் வைத்திருக்கவில்லை.

"நாந்தானுங்க்கா மோட்டாரு போட்டேன். என்ற கையாலயே புடிச்சுக் குடுத்தேன்."

"அழுவாத அம்மிணி," என்றாள் மலர்விழி. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அது போய்விட்டது. அடுத்த தண்ணீர் நாளிலிருந்து பதினாலு சுற்றும் ஒழுங்காகத் திறந்தாள். இரண்டு மாதமாகத் திறக்கிறாள். ஒழுங்கு அவளுக்கு அப்போதுதான் வந்தது.

நறநற சத்தம் கேட்ட அன்று, ஒன்பது மணிக்கு வால்வை மூடினாள். பதினாலு சுற்றையும் எண்ணி மூடிவிட்டு நிமிர்ந்தாள். தண்ணீர் நின்றுபோனது. சத்தம் நிற்கவில்லை. ஓட்டமில்லாத குழாயில், இறுக மூடிய வால்வில், அது தன் பாட்டுக்கு இரண்டு மூன்று தரம் கடித்து, எதையோ விழுங்கினாற்போல அடங்கியது.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் கெட்டுப்போயின. ராத்திரி அவளுக்குப் பயமாக இல்லை. ராத்திரி சத்தமே வராது. பகல் பன்னிரண்டரைக்கு மேல், பால்வாடி விடுகிற நேரத்துக்கு மேல், தெருவில் ஆள் அரவம் ஓய்ந்து, வெயில் தகரக் கூரையை முறுக்குகிற டிக் டிக் ஒலியும், தூரத்தில் சேகோ ஆலைச் சல்லடை ஆடுகிற முனகலும், மின்விசிறியின் கிறீச்சும் மட்டும் மிஞ்சுகிற வேளையில், சமையலறைச் சுவருக்குள் முதலில் ஒரு சொட்டு ஓடுகிற மாதிரி கேட்கும். பிறகு குளியலறைச் சுவர். பிறகு மகனுடைய அறைக்குப் பின்னால் போகிற குழாய். கட்டில் தலைமாட்டுக்கு நேராக வந்ததும் நின்று, அங்கேயே ஆரம்பிக்கும். நறநற. அந்தக் கட்டிலில் யாரும் படுத்து மாதங்கள் ஆகின்றன. ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலியாகத்தான் இருந்தது. தலையணையில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எச்சில் ஈரம்.

குமாரசாமிக்குப் போன் போட்டு வால்வு தகராறு செய்கிறது என்றாள். அவர் மறுநாள் காலை பழைய மொபெட்டில் வந்து, முனகிக்கொண்டே குழிக்குள் இறங்கினார். போல்ட்டுகளைக் கழற்றி, வால்வின் மேல்மூடியை நெம்பி, தண்டோடு சேர்த்து உள்ளேயிருந்த கதவை உருவி வெளியே எடுத்தார். அது வட்டமான, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய உலோகத் தட்டு. அதுதான் மேலே ஏறி வழி விடும், கீழே இறங்கி அடைக்கும். துணியால் துடைத்தார். வெயிலில் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது முழுசாத் தொறந்து வெச்ச வால்வு இல்லீங்க அம்மிணி," என்றார். "மூணு சுத்துலயே நின்னிருக்குது. தண்டுல பாருங்க, துரு எங்க நிக்குதுன்னு."

இரும்பு சாட்சி சொல்லும்போது என்ன பேசுவது? நாலு மாதம் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். ஜோதி என் மோட்டாரைக் காட்டிக்கொடுத்தாள் என்று சொன்னாள்.

குமாரசாமி குழியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்காமலேயே பேசினார்.

"காட்டிக்குடுத்தது நானுங்க. மேல இருந்து அவிய கேட்டாங்க. என்ற வேலைக்குப் பயந்துட்டுச் சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ள ஒண்ணுமே சொல்லலீங்க."

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் தட்டை அவள் பக்கம் நீட்டினார். தட்டின் பித்தளை விளிம்பு அரை வட்டம் அரை வட்டமாகக் குறைந்திருந்தது. கடித்த கொய்யாப்பழம் மாதிரி. ஒவ்வொரு அரை வட்டத்துக்குள்ளும் வரிசையாக நாலு சின்னப் பள்ளங்கள். மேலேயும் நாலு, அடியிலும் நாலு. தண்ணீர் தின்ற இரும்பை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம், அது கரையான் அரித்த பலகை மாதிரி கன்னாபின்னாவென்று இருக்குமாம்.

"மொத்தமே பதிமூணு தண்ணிதான் போயிருக்கும். அதுல இப்படித் திங்காதுங்க," என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

புது வால்வு வர ஒரு மாதமாகும் என்று, வால்வு இருந்த இடத்தில் வெறும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தினார். கரட்டுமேல் தொட்டியிலேயே இனி திறந்து மூடிக்கொள்ளலாம், உங்களுக்கு வேலையில்லை என்றார். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தட்டை மட்டும் அவள் வீட்டுச் சுற்றுச்சுவர் மேல் வைத்தார். எடுத்துப் போங்கள் என்றாள். எனக்கு வேண்டாமுங்க என்றார். நான் எங்கேயும் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கும் வேலை போகும், சொல்வதென்றால் நீங்கள்தான் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், தன்னால் போச்சு என்று அது தினமும் தலையில் அடித்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டு மொபெட்டைத் தள்ளினார். இரண்டு கோழைகள் ஒரு குழியை மூடிவிட்டுக் கலைந்து போனார்கள்.

அடுத்த தண்ணீர் நாளில் வால்வும் இல்லை, தட்டும் இல்லை, இடுக்கும் இல்லை. கரட்டிலிருந்து தண்ணீர் நேராகக் கீழ்வரிசைக்குப் பாய்ந்தது. மலர்விழி குழிப் பலகையில் காதை வைத்துக் கேட்டாள். சுத்தமாக, வழவழவென்று, தண்ணீர் போகிற சத்தம் மட்டும்தான். அப்பாடா என்று எழுந்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் பிடித்து, அண்ணாந்து, ஒரு வாய் விழுங்கினாள்.

நற.

சொம்பைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். சுவரில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு வாய் விழுங்கினாள்.

நறநற.

சுவரில் இல்லை. குழாயில் இல்லை. அவளுக்கு உள்ளே.

தொண்டையின் அடியில், எச்சில் இறங்குகிற இடுக்கில், ஒன்று கடித்து, இழுத்து, விட்டது. வலிக்கவில்லை. அதுதான் கூடுதலாகப் பயமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அமைதி. எச்சிலை விழுங்காமல் நிற்கப் பார்த்தாள். எத்தனை நேரம் நிற்க முடியும்? வாய் நிறைந்தது. விழுங்கினாள். நறநற. குமாரசாமி சொன்னது ஞாபகம் வந்தது. இடுக்கில் பாய்ந்தால் சூடு இல்லாமலேயே கொதிக்கும். எந்த இடுக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. துக்க வீட்டில் சொல்ல வாய் திறந்து, அழுவாத அம்மிணி என்பதோடு மூடிக்கொண்ட இடுக்கு. இரண்டு மாதமாக மூன்று சுற்றிலேயே நிற்கிற இடுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். பரீட்சை பற்றி, சாம்பார் பற்றி. அவள் சரி சரி என்று மட்டும் சொன்னாள். நடுவில் அவன் பேச்சை நிறுத்தினான்.

"அம்மா, பக்கத்துல யாரு பல்லக் கடிக்கறது?"

போனை வைத்துவிட்டாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்தாள். கீழ்ப்பல் வரிசையில் முன்பற்களின் விளிம்பு அரை வட்டம் அரை வட்டமாகக் குறைந்திருந்தது. நாக்கால் தடவினாள். வரிசையாகச் சின்னப் பள்ளங்கள். வாஷ்பேசினில் துப்பினாள். எச்சிலோடு கருப்பாகப் பொடி விழுந்தது. பித்தளை வாடை அடித்தது.

சுற்றுச்சுவர் மேலிருந்த தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நேற்று இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும். பிச்சுப் பிடுங்கியாவது சொல்லிவிட வேண்டும். முழுதாகத் திறந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். திங்கட்கிழமை ஜோதி வீட்டில் இருப்பாளோ என்று அவள் யோசிக்கவில்லை. ஜோதி வேலைக்குப் போவதை விட்டு இரண்டு மாதமாகிறது, தெருவுக்கே தெரியும். மத்தியானம் ஒரு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். மறுபடியும் தண்ணீர் நாள் அது. கரட்டுத் தொட்டியை மூட குமாரசாமி மறந்துவிட்டார் போல, இன்னும் வந்துகொண்டிருந்தது. பத்து வீட்டையும் தாண்டி நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நிழல் சுருங்கி நிலைப்படிக்குள் ஒடுங்கியிருந்தது. நாய்கூட இல்லை. மூன்று சுற்றுதான் திறந்தேன். மூன்று சுற்றுதான் திறந்தேன் ஜோதி. நீ இல்லை, நான். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசி வீட்டில் நிலைப்படியை ஒட்டிய வாசல் குழாய் திறந்தே கிடந்தது. தண்ணீர் குடத்தை நிறைத்து, வழிந்து, தெருவில் ஓடியது. எடுக்க ஆளில்லை. அத்தனை தண்ணீர். நாலு மாதம் வராத தண்ணீரெல்லாம் சேர்த்து வருகிற மாதிரி வந்தது.

ஜோதி உள்ளே நிலைப்படிக்கு அருகில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். அடியில் இலக்கியா என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மலர்விழியைப் பார்த்ததும் எழுந்துகொள்ள முயன்று, முடியாமல், வாங்க்கா என்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. தலை சீவி எத்தனை நாளானதோ. இந்தப் பெண்ணை நான் இப்படிச் செய்துவிட்டேன் என்று மலர்விழி நினைத்தாள். அவள் எதிரே உட்கார்ந்தாள். ஜோதியின் முழங்காலில் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள்.

நறநற.

ஜோதியின் கண் நிமிர்ந்தது.

மலர்விழி இன்னும் அகலமாகத் திறந்தாள். மூணு என்ற சொல் தொண்டைக்கு வந்து அங்கேயே நசுங்கியது. நறநற. ஒரு மூச்சு. நறநற. தூக்கத்தில் கடிக்கிற கடி. ஈரமான, சின்ன, பால் பற்களின் கடி. ஜோதி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். பார்த்தபடியே முழங்காலால் நகர்ந்து கிட்ட வந்தாள். முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒன்று வந்தது. சிரிப்பு.

"வந்துட்டயா சாமி," என்றாள்.

இல்லை என்று தலையாட்டினாள் மலர்விழி. ஜோதி அந்தத் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். ஒட்டிப்போன அந்தக் கைகளில் அத்தனை பலம். காதுக்குக் கீழே, தாடை மடங்குகிற இடத்தில், கட்டை விரல் மெல்லத் தேய்த்தது. சத்தம் நின்றது. அந்த இடைவெளியில் மலர்விழி, மூணு, என்று முழுதாகச் சொல்லியேவிட்டாள். ஜோதி அதற்குள் கையை நீட்டி வாசல் குழாயில் டம்ளரைப் பிடித்துவிட்டிருந்தாள்.

"தாகமாட்ட இருக்குது பாப்பாளுக்கு."

டம்ளர் உதட்டை இடித்தது. தண்ணீர் வாயை நிறைத்தது. விழுங்காமல் முடியாது. விழுங்கினாள். சொல்லும் சேர்ந்து உள்ளே போயிற்று. நறநற. இன்னொரு டம்ளர். நறநற. இன்னொன்று. மூக்கில் ஏறியது. கண்ணில் வழிந்தது. கையால் தள்ளினாள். கை ஜோதியின் தோளில் பட்டு வழுக்கியது. தெருவில் யாருமில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜோதி டம்ளரைக் கீழே வைத்தாள். குனிந்து, அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப ஆசையாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலை உதட்டுக்கு நடுவில் நுழைத்தாள்.

"தொற சாமி. இன்னுங் கொஞ்சம். முழுசாத் தொற."

மலர்விழியின் தாடை விரிந்தது. அதற்குமேல் விரியாது என்கிற இடமும் தாண்டி விரிந்தது. விரல்கள் நாக்கைத் தாண்டி உள்ளே போயின. அங்கே, தொண்டையின் இடுக்கில், மேலே நாலும் கீழே நாலுமாகச் சின்னப் பற்கள் அந்த விரல்களைக் கவ்வின. மலர்விழி தன் கடைசி அறிவோடு அதை உணர்ந்தாள். அவை அவளுடைய பற்கள் இல்லை. ஜோதியின் விரல் ரத்தம் அவள் உதட்டோரம் வழிந்து டம்ளருக்குள் சொட்டியது.

ஜோதி கையை எடுக்கவில்லை.